எந்தப் படி?

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக வீட்டுக்காரியிடம், "அகவிலைப்படி ஏறியிருக்கு, ஆர்டர் வந்துருச்சு" என்றேன். நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, "எந்தப் படி ஏறுச்சு? மாடிப்படியா?" என்று கேட்டாள்.

"இல்ல சாமி. சம்பளத்தோட சேத்துக் கூடக் கொடுப்பாங்கள்ல, அந்தப் பணம். அதுக்குப் பேரு படி."

"பணத்துக்கு எதுக்குப் படின்னு பேரு?"

நான் கருவூலத்தில் வேலை பார்க்கிறவன். பயணப்படி, வீட்டு வாடகைப்படி, அகவிலைப்படி என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லை எழுதுகிறேன், எத்தனை பட்டியலில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று கணக்கே இல்லை. பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று தோன்றியது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண்மேல் இருந்த படியை இறக்கினேன்.

எங்கள் வீட்டுப் படி இரும்பு. கறுத்துப்போன உருளை, வாயைச் சுற்றிப் பித்தளைப் பட்டை, பட்டைக்குக் கீழே அரசாங்க முத்திரை குத்திய தடம். பொங்கலுக்குப் பொங்கல் இறக்கிப் புளி போட்டுத் துலக்கி, பொட்டு வைத்து, பச்சரிசி நிறைத்து விளக்குக்குப் பக்கத்தில் வைப்போம். மறுநாள் மறுபடி பரணுக்குப் போய்விடும். மகளுக்கு அது ஒரு பூஜைச் சாமான். அதில் அரிசி அளப்பார்கள், அளந்த அரிசியைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இது வாய்பாட்டில் உள்ள கணக்கு. ஊருக்கு ஊர் இது மாறும். ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடிக்கிற பட்டணம்படியும் இருந்தது, அதைவிடச் சிறிய படிகளும் இருந்தன. "எங்க ஊருப் படிக்கா, உங்க ஊருப் படிக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் பேரமே தொடங்கும்.

இந்தப் படியை வாங்கியது என் அப்பத்தா. மேலூர்ப் பக்கம், பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர். அப்பத்தாவுக்குச் சொந்தமாக ஒரு குழிகூட நிலம் கிடையாது, அறுப்புக்குப் போகிறவள். கூலி நெல்லாகத்தான் வரும், களத்திலேயே அளந்து முந்தியில் போடுவார்கள். பிறகு எதற்குச் சொந்தமாக ஒரு படி? களத்தில் அளந்த நெல்லை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை அளந்து பார்க்கத்தான். ஆட்டுக்குட்டி விற்ற காசில், சந்தையில் முத்திரை போட்ட படியாகப் பார்த்து வாங்கினாளாம்.

அளப்பதில் எத்தனை வித்தை இருக்கிறது என்று அவள் சொல்லக் கேட்க வேண்டும். நெல்லைக் குவித்து, கூம்பு நிற்கும்படி அளப்பது ஒன்று. விளிம்போடு கையால் வழித்துத் தலைதட்டி அளப்பது ஒன்று. படியை லேசாகக் குலுக்கினால் நெல் இறுகி இன்னும் ஒரு பிடி உள்ளே போகும், குலுக்காமல் மேலாக அள்ளினால் அந்த ஒரு பிடி மிச்சம். அடியில் ஒடுக்கு விழுந்த படியாக இருந்தால் எவ்வளவு நியாயமாக அளந்தாலும் குறையத்தான் செய்யும். சில வீடுகளில் வாங்குகிற படி ஒன்று, கொடுக்கிற படி ஒன்று என்று இரண்டு இருக்கும் என்பாள். இதெல்லாம் தெரிந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நெல்லை அளப்பாள். முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டாள். "லாபம்" என்பாள். அப்புறம் ரெண்டு, மூணு. தமிழ்நாட்டில் தானியம் அளந்தவர்கள் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள், வியாபாரியும் சரி, கூலிக்காரியும் சரி. குறைந்து வந்த கூலியை அளக்கும்போதும் அவள் வாயில் முதலில் வந்தது லாபம் என்ற சொல்தான்.

ஆண்டு முழுக்க ஒரே பண்ணையில் கட்டுண்டு, கூலியைத் தானியமாக அளந்து வாங்கியவரைப் படியாள் என்றார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து நில வரலாற்றை எழுதியவர்கள் இந்தப் படியாட்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். கடனுக்கு ஆளாகி, அப்பன் பட்ட கடனுக்கு மகனும் உழைத்து, படி நெல்லிலேயே பிறந்து வளர்ந்து முடிந்த வாழ்க்கை. முதலாளியைப் "படியளக்கிறவர்" என்று சொல்லும் வழக்கம் இங்கிருந்து வந்ததுதான். அப்பத்தா அந்தச் சொல்லை எந்தப் பண்ணைக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்குப் படியளக்கிறவர் சொக்கநாதர் ஒருவர்தான்.

நாடு மெட்ரிக்குக்கு மாறியதற்கான சட்டம் 1956-இல் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்டன. ஆனால் 1967 தேர்தலில் அண்ணா மேடைக்கு மேடை சொன்னது கிலோவில் இல்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். பஞ்சத்தில் அடிபட்டு, கடை வாசலில் அரிசிக்கு வரிசையில் நின்று நொந்துபோயிருந்த ஜனங்களுக்கு, படி என்றால் கண்முன் ஒரு பாத்திரம் வரும், அது நிறையும், உலை கொதிக்கும். கிலோ அப்போது தராசுத் தட்டில் இருந்த ஒரு கல், அவ்வளவுதான். ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் அதைக் கொண்டுபோக முடியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர் வெந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தஞ்சை மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டியது, செங்கொடி ஏற்றியது என்று பகை பல வழிகளில் முற்றியிருந்தது. ஆனால் இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்கிறவர்கள் ஒரு வரியில் சொல்வது இதைத்தான்: கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். அரைப்படி. பொங்கலன்று நான் பச்சரிசி நிறைக்கிற அந்தப் பாத்திரத்தில் பாதி. மகளுக்கு இந்தக் கதையை இன்னும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் வளரட்டும். ஆனால் அவள் அந்தப் படியைக் கையில் தூக்கி வாய்க்குள் எட்டிப் பார்த்தபோது எனக்கு வெண்மணிதான் நினைவுக்கு வந்தது.

சரி, சம்பளப் படிக்கு வருகிறேன். நெல்லாக அளந்தது காசாக மாறியபோது பாத்திரம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வழித்தடமும் இருக்கிறது. கோயில்களில் ஒவ்வொரு நாளும் எந்தப் பூஜைக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, நெய் என்று வகுத்து வைத்த திட்டத்துக்குப் படித்தரம் என்று பெயர். தினப்படி ஆகிற செலவு நித்தியப்படி. நாள்தோறும் அளந்து கொடுப்பது என்ற பொருள் அங்கே ஊன்றிவிட்டது.

பெரியபுராணத்தில் வருகிற திருவீழிமிழலைக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரெல்லாம் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். பஞ்சம் தீரும்வரை இருவருக்கும் நாளுக்கு ஒரு காசு பீடத்தில் வைத்துத் தருகிறார் இறைவன். அதற்குப் படிக்காசு என்று பெயர். அப்பருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். சம்பந்தர் காசுக்கு மட்டும் வாசி, அதாவது மதிப்பில் கழிவு பிடிக்கிறார்கள். அவர் மடத்தில் சமையல் தினமும் தாமதமாகிறது. அப்போது பாடியதுதான் "வாசி தீரவே காசு நல்குவீர்". கைத்தொண்டு செய்த அப்பருக்கு முழுக்காசு, மகனாக வந்த சம்பந்தருக்கு வாசிக் காசு என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறு. பஞ்ச காலத்தில், விலைவாசி ஏறியதால், நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்த பணம் அது. அகவிலைப்படி என்ற சொல் நிலைபெறுவதற்கு முன்னால் சம்பளக்காரர்கள் அதைப் பஞ்சப்படி என்றுதான் சொன்னார்கள். என் அப்பா ஓய்வு பெறும்வரை பஞ்சப்படி என்றேதான் சொன்னார். எனக்கென்னவோ அந்தச் சொல்தான் சரியான சொல் என்று படுகிறது. அது எதற்காக வந்த பணம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. லாரி ஓட்டுகிறவர்கள் பேட்டா என்பதும் இப்படிச் சம்பளத்துக்கு மேலே செலவுக்குக் கொடுக்கிற படிதான்.

மகள் முதலில் கேட்ட மாடிப்படிக்கு வருவோம். வாசற்படி, நிலைப்படி, படிக்கட்டு, கொலுப்படி, சபரிமலையின் பதினெட்டாம்படி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அழகர்கோயிலிலும் ஒரு பதினெட்டாம்படி உண்டு. மூடிய பெரிய கதவு, அதில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கும். கதவுக்கு உள்ளே படிகள். மலையாளத்திலிருந்து களவுக்கு வந்த பதினெட்டு மந்திரவாதிகளை அங்கே புதைத்ததாகக் கதை. பதினெட்டாம்படிக் கருப்பு என்றே சாமிக்குப் பெயர். உருவம் கிடையாது, கதவும் படியும்தான் சாமி. கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்து பஞ்சாயத்தில் தீராவிட்டால், "பதினெட்டாம்படியில வந்து சத்தியம் பண்ணு" என்பார்கள். பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சி அந்த வாசலுக்கு வராமலே கடனைத் தீர்த்தவர்கள் உண்டு என்று அப்பத்தா சொல்வாள்.

வேங்கடத்தில் குலசேகர ஆழ்வார் கேட்டது இதற்கு நேர் எதிரான ஒரு படி. அடியாரும் வானவரும் ஏறி இறங்குகிற உன் கோயில் வாசலில் "படியாய்க் கிடந்து உன் பவளவாய் காண்பேனே" என்றார். சேரநாட்டு அரசர் அவர். திருமலையில் கருவறை முன்னால் உள்ள படிக்குக் குலசேகரன்படி என்றே பெயர். அந்தப் பாட்டை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். "கிடந்து இயங்கும் படியாய்க் கிடந்து" என்று வருகிறது. "இயங்கும்படியாக" என்று ஒரு கணம் காது எடுத்துக்கொள்கிறது, அடுத்த கணம் அது கல்லால் ஆன படியாகிவிடுகிறது. பாட்டின் அருமையே அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அப்பத்தாவுக்கு வேறொரு படியும் தெரியும். பண்ணை வீட்டுக்கு மூன்று படிகள், கருங்கல். கூலி பாக்கி கேட்கவோ, நல்லது கெட்டதுக்கு நெல் கடன் கேட்கவோ போனால் படிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அவள் ஆயுசில் அந்தப் படியில் ஏறியதில்லை. அவள் மகன், என் அப்பா, அந்தப் படியில் முதல்முறையாக ஏறியது 1981-இல். படித்து வாத்தியாராகி, மக்கள்தொகைக் கணக்கெடுக்க நோட்டும் பேனாவுமாகப் போயிருந்தார். "உள்ள வந்து உக்காருங்க சார்" என்றார்களாம். அப்பா உட்கார்ந்து, குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பத்தா ஒன்றும் பேசவில்லையாம், அன்றைக்குச் சோறு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டாளாம்.

அப்பா ஏறிய படிக்கும், ஏறுவதற்காகப் படித்த படிப்புக்கும் பெயர் ஒன்றாக இருக்கிறதே, இரண்டும் ஒரே சொல்லா? இல்லை. தமிழ் இதைச் சத்தமில்லாமல் பிரித்து வைத்திருக்கிறது. படி என்று ஏவும்போது இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். இறந்தகாலத்துக்குப் போனால் ஒன்று படிந்தது, இன்னொன்று படித்தது. ஓர் எழுத்துதான், ந்-க்கும் த்-க்கும் உள்ள தூரம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே பிரித்துக் கொடுக்கிறது. வாசிப்பது என்ற பொருளில் வரும் படிக்கு வடமொழி வேரோடு உறவு சொல்வார்கள். திருக்குறளில் கல்வி அதிகாரத்தைப் பார்த்தால் கற்க, கற்றவர், கல்லாதவர் என்று கல் என்ற வினைதான் நிறைந்திருக்கிறது.

படிதல் என்பது வேறு. அது இறங்குவது, தங்குவது, அடங்குவது. தூசி படியும். மேகம் மலையில் படியும். எருமை குளத்தில் படியும். எண்ணெய் வைத்துச் சீவினால் முடி படியும், என் மகளுக்கு எவ்வளவு வைத்தாலும் நெற்றியோரம் நாலு முடி படியாது. புதுக்காளை நுகத்துக்குப் படிய ஒரு பருவம் ஆகும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசி, கடைசியில் துண்டை உதறிக்கொண்டு நடந்தால், விலை படியவில்லை. இத்தனையும் ஒரு வினைதான். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மேலிருந்து மெல்லக் கீழிறங்கி, ஓர் இடத்தில் அமைதியாகிறது.

மகளிடம், "படிப்படியாப் படிச்சாத்தான் படிச்சது மனசுல படியும்" என்று சொல்லி, இதில் எத்தனை படி என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். ஐந்து என்றாள், சரி. எத்தனை பொருள் என்றேன். மூன்று என்றாள். அதுவும் சரி. யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு அது பிரிந்து தெரிந்தது. வாக்கியத்தில் பக்கத்தில் நிற்கிற சொற்கள் கையைக் காட்டிவிடுகின்றன. ஏறு என்றால் கல், அள என்றால் பாத்திரம், எடு என்றால் நகல்.

நகல் என்ற பொருளும் சின்னதில்லை. படியெடுப்பது என்பார்கள். புத்தகங்களின் முதல் பக்கங்களில் படிகள் 1000 என்று அச்சிட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓலை நிரந்தரமில்லை, செல்லரிக்கும், ஒடியும். ஒடிவதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணியால் இன்னொரு படி எடுத்ததால்தான் பழம்பாட்டுகள் நம் கைக்கு வந்தன. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் படியெடுத்ததால் நாம் படிக்கிறோம்.

வைணவர்கள் இதற்கு மேலே ஒன்று செய்தார்கள். திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று ஐந்து வியாக்கியானங்கள் உண்டு. இங்கே படி என்பது முப்பத்திரண்டு எழுத்து கொண்ட ஓர் அளவு. நெல்லை அளக்கிற மாதிரி உரையை அளந்து பெயர் வைத்திருக்கிறார்கள். கருவூலத்தில் உட்கார்ந்து எண்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, ஒரு பக்தி உரையின் பெயரே அதன் அளவாக இருப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். அதே திருவாய்மொழியில் "படிச்சோதி" என்று வரும் இடத்தில் படி என்பதற்குத் திருமேனி என்று பொருள். திருக்குறளில் "படியுடையார்" என்றால் பூமியை உடையவர், அரசர். பூமி, உடம்பு, எழுத்துக் கணக்கு. இந்த மூன்றும் பேச்சிலிருந்து போய்விட்டன, உரையாசிரியர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போய்ப் பார்க்க முடிகிறது.

பேச்சில் எஞ்சியிருப்பதில் மிகுதியாகப் புழங்குவது, யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத படிதான். அப்படி, இப்படி, எப்படி. சொன்னபடி செய்தான் என்றால் சொன்னதற்கு ஏற்ப. வரும்படி சொன்னான் என்றால் வரச் சொல்லி. சிரித்தபடி வந்தாள் என்றால் சிரித்துக்கொண்டே. நான் எழுதுகிற அரசாணைக் குறிப்பு ஒவ்வொன்றிலும் "இதன்படி" உண்டு. ஒரு நாளில் இந்தப் படியை எத்தனை தடவை சொல்கிறோம் என்று மகள் எண்ணத் தொடங்கினாள். ராத்திரி சாப்பிட்டு முடிப்பதற்குள் அறுபதைத் தாண்டி, தூக்கம் வந்து விட்டுவிட்டாள்.

மார்கழித் தேய்பிறை அஷ்டமி அன்று அவளை மதுரை வெளிவீதிக்குக் கூட்டிப்போனேன். அஷ்டமிச் சப்பரம். எல்லா உயிருக்கும் சிவன் படியளந்த நாள் என்று கொண்டாட்டம். படியளப்பதைச் சோதிக்கப் பார்வதி எறும்பைச் சிமிழுக்குள் அடைத்து வைத்துப் பிறகு திறந்து பார்த்தாளாம், எறும்புக்குப் பக்கத்தில் ஓர் அரிசி இருந்ததாம். அம்மன் சப்பரத்தைப் பெண்கள்தான் இழுக்கிறார்கள். போகிற வழியெல்லாம் அரிசியை இறைத்துக்கொண்டே போவார்கள். ஜனங்கள் குனிந்து பொறுக்குவார்கள், அதை வீட்டில் வைத்தால் சோற்றுக்குக் குறைவு வராது என்று நம்பிக்கை. பட்டுச்சேலை கட்டியவர்களும், வாசல் பெருக்க வந்தவர்களும், தெருவில் இட்லிக்கடை போட்டிருந்த ஒரு அக்காவும் ஒரே வரிசையில் குனிந்திருந்தார்கள். மகளும் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். அவளுடைய அப்பத்தாவும், அதாவது என் அம்மா, முட்டிவலியோடு குனிந்து இரண்டு மணி எடுத்து முந்தியில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் படியைக் கேட்டாள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். இல்லை, இப்போதே வேண்டும் என்றாள். இறக்கிக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து, மூடியிருந்த கையைப் படிக்கு மேலே விரித்து, ஒவ்வொரு அரிசியாக உள்ளே போட்டாள். இரும்பில் விழுகிற சத்தம் மெல்லிதாகக் கேட்டது. முதல் மணி விழுந்ததும் "லாபம்" என்றாள். அப்புறம், "ரெண்டு."